ஒரு டாலர் இழப்பீடு

ஆங்கிலமும் அமெரிக்காவும் – 12

சென்ற அத்தியாயம் 1923-ல் நின்றது. ஜெர்மன் மொழியில் பாடம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட நெப்ராஸ்கா ஆசிரியர் ராபர்ட் மேயர், வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த கதை அது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் இந்த விவகாரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கர்களுக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் கதவை ஏறக்குறைய இழுத்துச் சாத்திவிட்டது. புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள். பேரப்பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்தது. சண்டைக்கு ஆள் இல்லை.

1965-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய குடியேற்றச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடவே, மொழி விஷயத்தில் மத்திய அரசின் போக்கும் மாறியது. 1968-ல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்காகப் பணம் ஒதுக்கினார்கள். 1974-ல் சான் பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் கொடுத்துவிட்டதாலேயே சமமாக நடத்தியதாக ஆகிவிடாது என்றது நீதிமன்றம்.

அடுத்த வருடம் இன்னும் ஒரு படி. ஆங்கிலம் சரியாகத் தெரியாத குடிமக்கள் கணிசமாக வசிக்கும் கவுண்டிகளில் அவர்களுடைய மொழியிலும் வாக்குச்சீட்டு தரவேண்டும் என்று வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டது.

பலருடைய கண்ணை உறுத்தியது இந்த வாக்குச்சீட்டுதான். வகுப்பறையில் நடப்பது வெளியே தெரியாது. வாக்குச்சீட்டு அப்படியல்ல, தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் பாதி ஸ்பானிஷ், அல்லது சீனம். குடியுரிமை வாங்க வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று 1906-லிருந்தே சட்டம் இருக்கிறது, குடிமக்கள் மட்டும்தான் வாக்களிக்க முடியும், அப்படியிருக்க ஆங்கிலம் தெரியாத வாக்காளர் எங்கிருந்து வந்தார்? கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த நவஹோ பழங்குடியினர், டெக்சாஸில் பல தலைமுறைகளாக வாழும் மெக்சிகோ வம்சாவளியினர், 1917-லிருந்தே குடிமக்களான புவெர்த்தோ ரிக்கோ தீவினர் ஆகியோர் யாரும் குடியுரிமைத் தேர்வு எழுதி வந்தவர்கள் இல்லை. அவர்களில் பலருக்கு ஒழுங்கான பள்ளிக்கூடத்தையே அரசு தரவில்லை. அந்தக் குறைக்குப் பரிகாரமாகத்தான் வாக்குச்சீட்டு வந்தது. தபாலைப் பிரித்துக் கோபப்பட்டவருக்கு இதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

முதல் வெடி மயாமியில் வெடித்தது. அந்த நகரம் இருக்கும் டேட் கவுண்டி, கியூபாவிலிருந்து வந்தவர்களை மனதில் வைத்து 1973-ல் தன்னை இருமொழிக் கவுண்டி என்று அறிவித்திருந்தது. 1980-ல் மாரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், ஆங்கிலம் தவிர வேறு மொழிக்காகக் கவுண்டிப் பணத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்று மக்கள் முடிவு செய்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் வரவேற்புப் பலகை வைத்த அதே கவுண்டி.

மயாமியில் நடந்தது ஊர்ச்சண்டை. அதை நாட்டுப் பிரச்சினையாக மாற்றியவர் நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாவில் இருந்தார்.

சாமுவேல் இச்சியே ஹயகாவா. 1906-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மொழி எப்படி மனிதனை ஆட்டிவைக்கிறது என்பதைப் பற்றி 1941-ல் அவர் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, மணம் முடித்து, பேராசிரியராகிப் புகழ் பெற்ற பிறகும் அவருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஜப்பானில் வேருள்ளவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது என்றது அன்றைய சட்டம். 1952-ல் அந்தத் தடை நீங்கி, 1954-ல்தான் ஹயகாவா அமெரிக்கர் ஆனார்.

நாடே அவரை அறிந்தது 1968 டிசம்பர் 2 அன்று. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் மாணவர் வேலைநிறுத்தம். ஹயகாவா அப்போது அதன் தற்காலிகத் தலைவர். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்துக் குல்லாய் போட்ட அந்த 62 வயதுப் பேராசிரியர் வண்டிமேல் ஏறி, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. எட்டே வருடங்களில் அவர் குடியரசுக் கட்சியின் சார்பில் அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டில் அவர் அதிகம் பேசப்பட்டது கூட்டங்களில் தூங்கிவிழுந்ததற்காக.

தூங்காத நாட்களில் ஒன்று 1981 ஏப்ரல் 27. அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவிக்க வேண்டும் என்று அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து பார்த்ததுபோல, 1787-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் மொழி பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கலைக்க முயன்ற முதல் அரசியல் சட்டத் திருத்தம் ஹயகாவாவுடையது. வேறு மொழியைக் கட்டாயமாகப் பயன்படுத்தச் சொல்லும் சட்டங்கள் இனி கூடாது. பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறும்வரை தாய்மொழியில் சொல்லிக்கொடுக்கலாம். அதற்குமேல் அரசுக்கு வேலையில்லை. அவருடைய வாதம் எளிமையானது. பல தேசத்தவர் கலந்த நாட்டைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது பொதுமொழி ஒன்றுதான். அது இல்லாத நாடு என்ன ஆகும்? வடக்கே பாருங்கள். முந்தைய ஆண்டுதான் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவது பற்றி ஒரு வாக்கெடுப்பு நடத்தி முடித்திருந்தது.

ஹயகாவாவை இனவெறியர் என்று திட்டினால் எடுபடாது. அவர் முகமே அதற்குப் பதில். குடியேறியவர்களுக்கு ஆங்கிலம்தான் ஏணி என்று அவர் நம்பினார்; அவருடைய வாழ்க்கையும் அதைத்தான் காட்டியது. இயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைவர் கிடைத்திருக்க முடியாது.

திருத்தம் நிறைவேற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அதற்கெல்லாம் போகவே இல்லை. 1984-ல் ஒரு துணைக்குழு விசாரணை நடத்தியதோடு சரி. அதற்குள் ஹயகாவாவின் பதவிக்காலமும் முடிந்திருந்தது. வாஷிங்டனில் கதவு திறக்காது என்று தெரிந்ததும், மாநிலம் மாநிலமாகத் தட்டலாம் என்று யோசனை சொன்னவர் ஒரு கண் மருத்துவர்.

மிஷிகன் மாநிலத்தின் பெடோஸ்கி என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் மருத்துவம் பார்த்துவந்தார் ஜான் டான்டன். பொழுதுபோக்குக்குத் தேனீ வளர்த்தார். கூடவே சங்கங்களையும் வளர்த்தார். சுற்றுச்சூழல் பற்றிய கவலையில் தொடங்கி மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர். அதற்காக 1979-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1983-ல் ஹயகாவாவும் அவரும் சேர்ந்து ‘யு.எஸ். இங்கிலீஷ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். ஆலோசனைக் குழுவில் பெரிய பெயர்கள்: செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோங்கைட், இங்கிலாந்தில் பிறந்த எழுத்தாளர் அலிஸ்டர் குக், ஆஸ்திரியாவில் பிறந்த நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். நாடெங்கும் நன்கொடைக் கடிதங்கள் பறந்தன. பணம் கொட்டியது.

முதல் பெரிய அறுவடை கலிஃபோர்னியாவில். 1986 நவம்பரில் 63-ஆம் எண் முன்மொழிவு மக்கள் முன் வந்தது. கவர்னர் ஜார்ஜ் டியூக்மேஜியன், தானே குடியேறி வந்த ஆர்மீனியர்களின் மகன், அதை எதிர்த்தார். மக்கள் காதில் விழவில்லை. 73 சதவீதம் ஆதரவு. ஆங்கிலம் மாநிலத்தின் ஆட்சிமொழி என்று மாநில அரசியல் சட்டத்தில் ஏறியது.

மறுநாள் என்ன மாறியது? டிரைவிங் லைசென்ஸ் தேர்வு பழையபடி பல மொழிகளில் நடந்தது. பலமொழி வாக்குச்சீட்டு மத்திய சட்டத்தின் கட்டளை. அதை மாநிலம் தொடமுடியாது. கலிஃபோர்னியாவுக்கு ஏற்கெனவே மாநிலப் பறவை ஒன்று உண்டு, காடை. மாநில மலரும் உண்டு. அந்த வரிசையில் மாநில மொழியும் சேர்ந்துகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பல வழக்கறிஞர்களின் கணிப்பு. அதே நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆங்கிலம் கற்க விரும்பிப் பெரியவர்களுக்கான வகுப்பில் இடம் கிடைக்காமல் காத்திருந்தோர் சுமார் 40,000 பேர். இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குடியேறியவர்கள் ஆங்கிலம் கற்க மறுக்கிறார்கள் என்பதுதான் இயக்கத்தின் அடிப்படைப் புகார். 63-ஆம் முன்மொழிவில் ஒரு கூடுதல் வகுப்புக்கோ, ஒரு கூடுதல் ஆசிரியருக்கோ வழி செய்யும் வரி எதுவும் இல்லை.

ஆனால் சட்டம் செய்யாததை ஊர்க்காரர்கள் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே மான்டெரி பார்க் என்ற ஊர். எழுபதுகளில் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வீடு வாங்கத் தொடங்கினார்கள். அட்லாண்டிக் சாலையில் கடைப் பலகைகள் சீன எழுத்துக்கு மாறின. பழைய குடியிருப்பாளர்களுக்குத் தங்கள் ஊரிலேயே எது மருந்துக்கடை, எது மளிகைக்கடை என்று தெரியவில்லை. எரிச்சல் இயல்பானதுதான். 1986-ல் நகரசபை ஆங்கிலமே மொழி என்று ஒரு தீர்மானம் போட்டது, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்புறம் சண்டை நூலகத்துக்குள் நுழைந்தது. அரிமா சங்கத்தின் முயற்சியில் தைவானிலிருந்து 10,000 சீனப் புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. நகரசபையில் பேரி ஹாட்ச் என்பவர் கொதித்தார். நகர நூலகத்துக்கு எதற்கு இத்தனை சீனப் புத்தகம்? நூலகக் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

1987-ல் மட்டும் ஐந்து மாநிலங்கள் ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கின. அவற்றில் ஒன்று அர்கன்சா. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட இளம் கவர்னரின் பெயர் பில் கிளிண்டன். இந்தப் பெயர் பிறகு வேறு பக்கத்தில் வரும்.

1988-ல் ஃபுளோரிடா, கொலராடோ, அரிசோனா மூன்றும் ஒரே நாளில் வாக்களிக்க இருந்தன. முதல் இரண்டும் எழுதிவைத்த வாசகம் கலிஃபோர்னியா பாணியில் பொதுவானது. அரிசோனாவின் 106-ஆம் முன்மொழிவு வேறு சாதி. வாக்குச்சீட்டு, அரசுப் பள்ளி, அரசின் எல்லாச் செயல்கள், பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள், அதிகாரிகள் என எல்லாமே அதற்குள் வந்தன. இவர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்க வேண்டும், வேறு எந்த மொழியிலும் கூடாது. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, குற்ற வழக்குகள், மத்திய அரசின் கட்டளைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. மீறினால் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மாநிலப் பறவை விவகாரம் இல்லை இது. வாய்ப்பூட்டு.

அதிலும் எந்த மாநிலத்துக்கு? ஆங்கிலம் அங்கே வந்து சேர்ந்தே ஒன்றரை நூற்றாண்டு ஆகவில்லை. அதற்கு முன்பே ஸ்பானிஷ் இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே ஓதாம், ஹோப்பி, நவஹோ மொழிகள் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்களால் உடைக்க முடியாத ரகசியச் சங்கேதத்தை அமெரிக்க மரைன் படையினருக்குத் தந்தது நவஹோ மொழிதான்.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது குண்டு வெடித்தது. டான்டன் 1986-ல் தன் வட்டத்து ஆட்களுக்காக எழுதிய குறிப்பு ஒன்று ‘அரிசோனா ரிபப்ளிக்’ நாளிதழ் மூலம் வெளியானது. அதில் மொழியைப் பற்றிய பேச்சு குறைவு. லத்தீன் அமெரிக்கர்களின் பிறப்பு விகிதம், அவர்கள் கொண்டுவரப்போகும் லஞ்சப் பழக்கம், கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கு, வெள்ளையர்கள் தங்கள் பிடி நழுவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா என்ற கேள்வி. இவைதான் அந்தக் கண் மருத்துவரின் உண்மைக் கவலைகள்.

அப்போது யு.எஸ். இங்கிலீஷின் தலைவராக இருந்தவர் லிண்டா சாவேஸ். ரீகன் வெள்ளை மாளிகையில் பணியாற்றியவர். நியூ மெக்சிகோவின் பழைய ஸ்பானிஷ் குடும்பத்தின் பெண். இருமொழிக் கல்வியைக் கடுமையாக எதிர்த்தவர், பிற்காலத்திலும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளாதவர். குறிப்பைப் படித்ததும் ராஜினாமா செய்தார். குரோங்கைட்டும் விலகினார். டான்டனும் வெளியேற வேண்டியதாயிற்று. ஆங்கிலம் பொதுமொழியாக இருக்க வேண்டும் என்று மனதார நம்பியவர்களுக்கும், ஆங்கிலத்தைச் சாக்காக வைத்து ஆட்களை வெளியே நிறுத்த நினைத்தவர்களுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டிய நாட்கள் அவை. இரண்டு கூட்டமும் அதுவரை ஒரே நன்கொடைப் பெட்டியில்தான் பணம் போட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 8-ல் வாக்கு எண்ணினார்கள். ஃபுளோரிடாவில் 84 சதவீதம், கொலராடோவில் 61. அரிசோனாவில் 50.5. தட்டுத்தடுமாறி, ஆனால் ஜெயித்துவிட்டது.

இரண்டே நாள். நவம்பர் 10 அன்று மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. வாதி மரியா கெல்லி யினிகெஸ், அரிசோனா மாநில நிர்வாகத் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் அதிகாரி. அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சை நடந்துவிட்டது, நஷ்டஈடு வேண்டும் என்று வருகிறவர்களின் கோப்புகள் அவர் மேசைக்கு வரும். ஆங்கிலம் தெரிந்தவரிடம் ஆங்கிலத்தில் பேசுவார். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவரிடம் ஸ்பானிஷ். இரண்டும் தெரிந்தவரிடம் இரண்டையும் கலந்து. யாரும் அவரைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. அவருக்கு ஸ்பானிஷ் தெரிந்தது மாநிலத்துக்கு லாபம்தான், வேலை விரைவாக நடந்தது.

முன்மொழிவு நிறைவேறியதும் யினிகெஸ் ஸ்பானிஷ் பேசுவதை நிறுத்திவிட்டார். அரசு ஊழியர் என்ற முறையில் மாநில அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி கொடுத்திருக்கிறார். அந்தச் சட்டமே இப்போது வேறு மொழி கூடாது என்கிறது. பேசினால் ஒழுங்கு நடவடிக்கை. பேசாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியாது. இத்தனைக்கும் எதிரே இருப்பவரின் வாயை யாரும் பூட்டவில்லை. அவர் இஷ்டம்போல ஸ்பானிஷில் கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்தவர்தான் பதில் சொல்லக் கூடாது. குடியேறியவர் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று புறப்பட்ட இயக்கம், இருமொழியும் தெரிந்த அரசு ஊழியரின் வாயில் போய்ப் பூட்டுப் போட்டது.

மாநில அரசின் நிலைமை தர்மசங்கடம். முந்தைய கவர்னர் எவன் மெக்காம் அதே ஆண்டு ஏப்ரலில் கண்டனத் தீர்மானத்தில் பதவி இழந்து, மாநிலச் செயலாளராக இருந்த ரோஸ் மோஃபோர்ட் கவர்னராகியிருந்தார். அவர் இந்த முன்மொழிவை வெளிப்படையாக எதிர்த்தவர். இப்போது அதைக் காப்பாற்ற வேண்டிய பிரதிவாதியும் அவரே. அட்டர்னி ஜெனரல் பாப் கார்பின் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். அரசின் அதிகாரபூர்வமான செயல்களுக்குத்தான் ஆங்கிலம் கட்டாயம், அன்றாட வேலை நடக்க வேறு மொழியில் பேசிக்கொள்ளலாம் என்று 1989 ஜனவரியில் விளக்கம் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது அதுவல்லவே என்றார் நீதிபதி பால் ரோசன்பிளாட். 1990 பிப்ரவரி 6-ல் அந்தப் பிரிவு பேச்சுரிமைக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று மோஃபோர்ட் அறிவித்துவிட்டார். தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட கவர்னர் அரிது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முன்மொழிவைக் கொண்டுவந்த அமைப்பு விடவில்லை. அரசு முறையீடு செய்யாவிட்டால் நாங்கள் செய்கிறோம் என்று வந்து நின்றது. இதற்கு நடுவில், ஏப்ரலில் யினிகெஸ் அரசு வேலையை விட்டுத் தனியார் வேலைக்குப் போய்விட்டார்.

வேலையையே விட்ட பிறகு அவர் வாயில் பூட்டு ஏது? வழக்கு ஏது? ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பெயரளவில் ஓர் இழப்பீடு பாக்கியிருக்கிறது, ஆகவே வழக்குக்கு உயிர் இருக்கிறது. எவ்வளவு? ஒரு டாலர்.

அந்த ஒரு டாலரைப் பிடித்துக்கொண்டு 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1995 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ஆறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஆறு பேருக்காக எழுதிய ஸ்டீபன் ரைன்ஹார்ட், எந்த மொழியில் பேசுகிறோம் என்பதும் பேச்சின் ஒரு பகுதிதான் என்றார். அந்த ஊழியரின் உரிமையோடு, அவர் சொல்வதைக் கேட்க வந்தவரின் உரிமையும் பறிபோகிறது என்றார். 1923-ன் மேயர் தீர்ப்பு அவருக்குக் கைகொடுத்தது.

எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் அலெக்ஸ் கொசின்ஸ்கி. ருமேனியாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அரசு ஊழியர் மேசையில் உட்கார்ந்து பேசுவது யாருடைய பேச்சு? அவருடையதா, அரசுடையதா? அரசின் வாயாக இருப்பவர் அரசு சொல்வதைத்தான் சொல்ல வேண்டும். எதை, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தால் நிர்வாகம் என்ன ஆவது? லேசில் தள்ளிவிட முடியாத வாதம். ஆட்சிமொழி என்ற ஒன்றை வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அரிசோனா செய்த தவறு, ஆவணம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து நடக்கும் பேச்சுக்குள்ளும் புகுந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றப் படியேறியபோது வாஷிங்டனிலும் சூடு ஏறியிருந்தது. 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தைப் பிடித்திருந்தது. 1996 ஆகஸ்ட் 1 அன்று பிரதிநிதிகள் சபை, மத்திய அரசின் அலுவல் மொழி ஆங்கிலமே என்ற மசோதாவை 259-க்கு 169 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சில வாரங்களுக்கு முன் இறந்துபோன மிசௌரி உறுப்பினர் பில் எமர்சனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பலமொழி வாக்குச்சீட்டையும் அது ஒழித்திருக்கும். மத்திய அரசு உண்மையில் எவ்வளவுதான் வேற்று மொழியில் அச்சடிக்கிறது என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் எண்ணிப் பார்த்திருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளில் 265. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. அந்த 265-க்காகத்தான் சபையில் தொண்டை கிழிந்தது.

அர்கன்சாவில் அப்படியொரு சட்டத்தில் கையெழுத்திட்ட கிளிண்டன் இப்போது அதிபர். மசோதா வந்தால் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவேன் என்றது அவருடைய வெள்ளை மாளிகை. அவருக்கு அந்தச் சிரமமே வரவில்லை. செனட் மசோதாவை எடுத்துக்கொள்ளாமலே அந்தக் கூட்டத்தொடர் முடிந்தது.

1997 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அரிசோனா வழக்கில் வாய் திறந்தது. ஒன்பது பேரும் ஒருமனதாக. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஆங்கிலத்தை மட்டும் பேசும்படி ஓர் அரசு தன் ஊழியரைக் கட்டாயப்படுத்தலாமா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யினிகெஸ் 1990-ல் வேலையை விட்ட நாளோடு வழக்கு செத்துவிட்டது; அவர் வழக்குப் போட்ட சட்டப் பிரிவின்படி மாநில அரசிடமிருந்து அந்த ஒரு டாலரைக்கூட வாங்க முடியாது; ஆகவே கீழே வந்த தீர்ப்புகள் அத்தனையும் ரத்து. எட்டு வருடங்களுக்கு மேல் நடந்த வழக்கு, முதலில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம் என்பதை முதலில் அரிசோனாவின் சொந்த நீதிமன்றத்திடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு குட்டும் வைத்தார் கின்ஸ்பர்க்.

அந்த நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. மக்கள் பிரதிநிதிகள், அரசு ஊழியர்கள், ஓர் ஆசிரியர் எல்லோரும் சேர்ந்து போட்டது. 1998 ஏப்ரலில் அரிசோனா உச்ச நீதிமன்றம் 106-ஆம் முன்மொழிவைச் செல்லாது என்று அறிவித்தது. ரைன்ஹார்ட் சொன்ன காரணங்களையே ஏறக்குறையச் சொன்னது.

ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கும் முயற்சி அரிசோனாவில் அத்தோடு ஓயவில்லை. 2006-ல் வேறு வாசகத்தோடு திரும்ப வந்தது. முறைசாராத பேச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இம்முறை இடம் விட்டு எழுதியிருந்தார்கள். 50.5 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, இப்போது 74 சதவீதத்தில் நிறைவேறியது. பூட்டைக் கழற்றிவிட்டு வெறும் அறிவிப்பாகக் கொடுத்ததும் வாக்காளர்கள் தாராளமாகக் கை தூக்கினார்கள்.

அதற்கிடையே அலபாமாவில் ஒரு விசித்திரம் நடந்திருந்தது. அதுவரை 14 மொழிகளில் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்திக்கொண்டிருந்த மாநிலம் அது. 1990-ல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய கையோடு ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளை நிறுத்தியது. ஸ்பானிஷ் பேசும் ஒரு பெண் தேர்வு எழுத முடியாமல் நீதிமன்றம் போனார். அந்த வழக்கு 2001-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று முடிந்தது. யார் பக்கம் ஐந்து என்பது அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)